தாமதமாக அடித்த மணி

"இன்னைக்கு முப்பத்தேழு நிமிஷம்!"

காரை எடுத்ததும் எடுக்காததுமாக அவர் ஆரம்பித்தார். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. ஒரு திருகாணி மயிரிழை பிசகினாலும் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்புகிற மனிதர்.

"எது?" என்றாள் மனைவி.

"தியானம்தான். முப்பது நிமிஷம்னு பலகையில எழுதிப் போட்டிருக்காங்க. முந்தாநாள் முப்பத்திரண்டு. நேத்து முப்பத்தஞ்சு. ஏன்னு மண்டையைக் குடையுது."

"அதை விடுங்களேன். நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"இப்ப வேண்டாம்மா. இப்பதான் மனசு கொஞ்சம் அமைதியா இருக்கு. கெடுத்துடாதே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரத்த அழுத்தம் எகிறியதால் டாக்டர் அனுப்பிவைத்த இடம் அந்தப் புத்தர் கூடம். துணைக்கு என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். உள்ளே யாரும் பேசக் கூடாது. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். முடிவில் ஒரு பெண்மணி வெண்கலக் கிண்ணத்தைத் தட்டுவார்; அதுதான் மணி. உடனே ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கைகூப்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

நம்மவர் இடப்பக்கம் உட்காரும் மனைவிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த நொடி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு காரை எடுக்க முதல் ஆளாக ஓடுவார்.

மூச்சைக் கவனி என்றால் அவர் மனம் மணியைத்தான் கவனித்தது. இதோ அடிக்கப்போகிறாள், இதோ... ஊஹூம். பொறுக்க முடியாமல் கூடத்தை நடத்தும் பிக்குவிடமே கேட்டுவிட்டார்.

"சாமி, மணி ஏன் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு நேரத்துக்கு அடிக்குது? ஒரே குழப்பமா இருக்கு."

"குழப்பமா? அதையும் கவனிங்க" என்று பிக்கு சிரித்தார்.

குழப்பம் இரண்டு மடங்கானது.

மறுநாள் முப்பத்தொன்பது நிமிடம். மனைவியைக் காரில் உட்காரவைத்துவிட்டு விறுவிறுவென்று திரும்பி வந்தார். மணிக்காரப் பெண்மணி தனியாகக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. எதிர்லயே அவ்வளவு பெரிய கடிகாரம் தொங்குது. தூங்கிட்டீங்களா?"

அந்தப் பெண்மணி சங்கடத்தோடு நெளிந்தார்.

"இல்ல சார். இங்க கண்ணைத் திறந்து வெச்சிருக்கிறது நான் ஒருத்திதான். மணி அடிச்சா எல்லாரும் பக்கத்துல இருக்கிறவங்க முகத்தைப் பாப்பீங்க. ஒருத்தங்க தினமும் கண்ணை மூடினதும் அழ ஆரம்பிச்சுடறாங்க. சத்தமே வராது. அவங்க முகத்தைத் துடைச்சு முடிக்கட்டும்னு காத்திருக்கேன். இப்பல்லாம் அழுது முடிக்க ரொம்ப நேரமாகுது."

நம்மவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அடடா, இது தெரியாம பேசிட்டேனே! யாருங்க அது?"

"சொல்லக் கூடாது. ஆனா நீங்க ஒரு வார்த்தை ஆறுதலாப் பேசினா நல்லதுதான். உங்களுக்கு இடது பக்கம் உக்கார்றாங்களே, அவங்கதான்."

கிண்ணத்தைத் துணியில் சுற்றியபடி அவரே தொடர்ந்தார்.

"பாவம், அவங்களுக்குன்னு யாருமே இல்ல போலிருக்கு சார்."