ஒன்பதாவது அறை

முதல் அறையிலேயே ரெஜ் புல்லருக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. மேல்வரிசைப் பொய்ப்பல் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டது. எழுபத்தோரு வயது வரை இப்படி ஓர் அடியை அவன் வாங்கியதில்லை.

"நல்லாத்தான் விழுந்துச்சு ரெஜ். ஆனா மூஞ்ச முன்னாடியே திருப்பிட்டீங்க. இன்னொரு வாட்டி போலாம்" என்றாள் பிரைடி. அவள்தான் படத்தின் டைரக்டர்.

பல்லை நாக்கால் தள்ளிச் சரிசெய்தான் ரெஜ். "போலாம் கண்ணு. அடி நெசமா விழணும். அப்பத்தான் ஜனம் நம்பும்."

படம், பாடகி நோலீன் டார்சியின் கடைசி வருஷங்களைப் பற்றியது. ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவில் அவள் பாட்டு ஒலிக்காத லாரி கிடையாது. பிறகு குடி, மாத்திரை, நியூகாசில் பக்கத்துத் தொழிலாளர் கிளப்புகளில் பிங்கோ ஆட்டத்துக்கு நடுவே இரண்டு பாட்டு. அவளைக் கிளப் கிளப்பாக ஓட்டிக்கொண்டு போன மானேஜர் இந்த ரெஜ். அவள் போய்ப் பத்தொன்பது வருஷமாகியும் பாட்டுகளின் உரிமை அவனிடம்தான் இருக்கிறது.

அவன் கையெழுத்து இல்லாமல் படம் இல்லை. அவன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மேக்கப் ரூமில் நோலீன் போதையில் அவனை அறைய வேண்டும். அவன் பொறுத்துக்கொண்டு அவளுக்கு டீ போட்டுக் கொடுக்க வேண்டும். "அப்ப உங்க வேஷத்த நீங்களே போடுங்க. அந்த வலி வேற எவனுக்கு வரும்?" என்று பிரைடி கேட்டதும் அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்த ரூமில் உண்மையில் அறைந்த கை எது என்று அவனுக்குத் தெரியும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்பது வருஷம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்நூறு பேர் முன்னால் மைக்கில், "இந்தக் கன்னத்த வீங்க வச்சவன் அதோ நிக்கிறான்" என்று நோலீன் கை நீட்டிவிட்டாள். குடிகாரி உளறுகிறாள் என்று கூட்டம் சிரித்தது. ஆனாலும் அவனுக்கு ஆறவில்லை. யார் யாரை அடித்தது என்று இப்போது நாடே பார்க்கட்டும். செத்தவள் எழுந்து வந்தா மறுக்கப் போகிறாள்?

நோலீனாக நடிக்கும் பெண்ணின் கை வழவழவென்று இருந்தது. அதனால் கிட்டத்தில் காட்டும் இந்த அறைக்கு மட்டும் ஒரு கிழவியைக் கை டூப்பாகக் கூட்டி வந்திருந்தார்கள். நரம்பு புடைத்து, காய்த்துப்போன கை. ரெஜ் அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"ஆக்‌ஷன்!"

இரண்டு. மூன்று. நான்கு. கிளாப் அடிக்கிற கிரெய்க் மூலையில் உட்கார்ந்து, கிளாப் பலகையையே தட்டாக வைத்து இறைச்சி அடைத்த மீட் பை தின்றுகொண்டிருந்தான். சாஸ் வாசனையில் ரெஜ்ஜுக்குப் பசி வந்தது.

"ஏம்மா, இது கையா உலக்கையா? எங்க வேல பாத்த?"

"ஆட்டுக் கொட்டகையிலங்க. முப்பது வருஷம் கம்பளி வாரிப் போட்ட கை."

"நான் என்ன ஆடா? கொஞ்சம் பாத்து அடி."

"பாத்துத்தாங்க அடிக்கிறேன். மெதுவா அடிச்சா நம்ப மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

லைட் பாய்கள் சிரித்தார்கள். ரெஜ்ஜும் சிரித்துவைத்தான். சிரித்தால் தாடை வலித்தது.

ஆறாவதுக்கு முன்னால் பிரைடி தயங்கினாள். "ரெஜ், இதப் பாத்துட்டு அவங்க சொந்தக்காரங்க சண்டைக்கு வந்துட்டா?"

"எவ வருவா? ஒருத்தியயும் நான் வாசப்படி மிதிக்க விட்டதில்ல. லெட்டர் வந்தா அடுப்புல. போன் வந்தா, அவ தூங்குறான்னு சொல்லி வச்சிடுவேன். ஒருத்தி மூஞ்சிகூட எனக்குத் தெரியாது கண்ணு."

கிழவி உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஆறாவது அறையில் அவனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. ஏழாவதில் காது அடைத்தது. எட்டாவதில், பல்லைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "போதும்" என்று கையைத் தூக்கினான்.

"உங்க இஷ்டம். இன்னும் சரியா வரல. இந்தக் காட்சியவே தூக்கிடலாம். இது இல்லாமயும் படம் ஓடும்" என்றாள் பிரைடி.

ரெஜ் துள்ளி எழுந்தான். தூக்கிவிடுவதா? பத்தொன்பது வருஷமாக நெஞ்சுக்குள் வைத்துக் கருவிக்கொண்டிருந்தது இந்த ஒரு காட்சிக்காகத்தானே.

"தூக்கக் கூடாது! அவ எப்பேர்ப்பட்ட ராட்சசின்னு எல்லாரும் பாக்கணும். நீ அடிம்மா! பலம் இருக்கிற மட்டும் அடி!"

கிழவி அடித்தாள்.

ரெஜ் ஸ்டூலோடு சாய்ந்து தரையில் விழுந்தான். கண்ணாடியைச் சுற்றி எரிந்த பல்புகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. மேக்கப் பெண் ஐஸ் எடுக்க ஓடினாள். கிரெய்க் கடைசி வாயைத் தின்றுவிட்டு, பலகையில் ஒட்டிய சாஸை நிதானமாகத் துடைத்தான்.

"இந்த வாட்டி... வந்துச்சா?" என்று பொக்கை வாயால் கேட்டான் ரெஜ்.

பிரைடி அவன் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கிழவியிடம் போய், சிவந்து கிடந்த அவள் உள்ளங்கையை எடுத்து ஊதிவிட்டாள்.

"நோலீன் பெரியம்மாவுக்கு இது போதுமா, அம்மா? கேமராவ இனிமே ஓட விடவா?"