இரண்டாயிரம் உப்புச் சண்டைகள்

வாடிக்கையாளர் சேவையில் வேலை பார்க்கும் குழல்வாய்மொழியின் தலையில் இடம் தீர்ந்துவிட்டது. புதுப் பாடம் ஏற்ற வேண்டுமானால் பழைய நினைவு எதையாவது அழித்தாக வேண்டும் என்று சொல்லி, பாளையங்கோட்டையில் அவள் வீட்டுக்கே டெக்னீஷியனை அனுப்பியது கம்பெனி. அவன் அவள் பிடரியில் வயரைச் செருகி மூன்று மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தான். மூன்றும் ஒரே இடத்தைத்தான் காட்டின.

“செத்துப்போன உங்க வீட்டுக்காரரோட போட்ட சண்டை, மேடம். இரண்டாயிரம் தடவை, எல்லாமே குழம்புல உப்புக்காக. ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை அழிச்சிடலாம்.”

“மன்னிக்கணும் சார். அந்தச் சண்டையெல்லாம் போயிட்டா, அவர்னு எனக்கு என்ன சார் மிச்சம் இருக்கும்?” என்றாள், கம்பெனி பழக்கிய அதே குழைவோடு.

அவன் கையிலிருந்த திரையில் ஓடிய நினைவுப் பட்டியலின் அடியில் கிடந்த ‘பணிவுப் பயிற்சி’யும் அதே அளவு இடத்தைத்தான் அடைத்திருந்தது. அதைத் தொட்டாள்.

“ஐயோ மேடம், அது கம்பெனி ஏத்துனது! அழிச்சா வேலையே போயிடும்!”

அழித்தாள்.

“என்னடே முழிக்க? வயரைக் கழத்து! அடுப்புல குழம்பு கொதிக்கு. இன்னைக்கும் நான் போடுததுதான் உப்பு!”