குட்டன் எங்கே?

“நிறுத்துங்க குஞ்ஞம்பு ஏட்டா! நடுவுல பக்கத்தை முழுங்கிட்டீங்க!”

மடியிலிருந்த முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பவித்ரன் எழுந்தே விட்டான். கண்ணூரில் அந்தப் பீடிக் கம்பெனியில் அத்தனை கைகளும் நின்றுபோயின.

ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாருக்கும் நாவலை உரக்கப் படித்துக்கொண்டிருந்த குஞ்ஞம்பு அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் ஒண்ணும் முழுங்கல.”

“முழுங்காமலா குட்டன் காணாமப் போனான்? நேத்து காய்ச்சல்ல படுத்திருந்தான். இன்னிக்கு அம்மாளு தனியா பனியில நடந்து போறா. குட்டன் எங்கே?”

அது ஏதோ குளிர்நாட்டு நாவல். தலையணைத் தடிமன். பெயர்கள் வாயில் நுழையாததால் கதாநாயகிக்கு வடக்கேவீட்டு அம்மாளு, அவள் மகனுக்குக் குட்டன் என்று இவர்களே பேர் வைத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில், ‘தலையும் புரியல, வாலும் புரியல’ என்று முணுமுணுத்தவர்கள்தான். இப்போதோ, அம்மாளு புருஷனை விட்டு வந்தது சரியா தப்பா என்று சாப்பாட்டு நேரத்தில் அடிதடி நடக்காத குறை. கதை சூடு பிடித்தால் பீடி சுற்றும் கையும் வேகம் பிடிப்பதால் மேஸ்திரிக்கே நாவல்மேல் தனிப் பிரியம்.

“பெரிய நாவல்னா அப்படித்தான்டா. காலம் முன்னே பின்னே போகும். உனக்குப் புரியாது” என்றார் குஞ்ஞம்பு.

“எனக்கா புரியாது? அம்மாளு கடல்ல நடந்து போற இடத்துல நீங்களே திருதிருன்னு முழிச்சீங்களே, அது கனவுன்னு சொன்னது யாரு?”

“ஆமா, அவன்தான் சொன்னான்!” என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

“நீங்க படிக்கணும்னு உங்க பங்கு பீடியையும் நாங்கதானே சுத்தறோம்? ஒரு கொத்தா புரட்டினதை என் கண்ணால பார்த்தேன். இது மோசடி இல்லையா?”

“படிங்க! படிங்க!” நாலாபக்கமும் சத்தம். சிலர் கத்தரியால் முறத்தில் தாளம் போட ஆரம்பித்தார்கள். பவித்ரனுக்குக் குஷி தாங்கவில்லை.

குஞ்ஞம்பு அவனைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார். பிறகு அவர் பார்வை மெல்லப் பின்வரிசைக்குப் போய் வந்தது. அங்கே கௌசு, குனிந்த தலை நிமிராமல் இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

பவித்ரனுக்குச் சுருக்கென்றது. கௌசுவின் மகன் காய்ச்சலில் போனது போன மழைக்காலத்தில்தான். அவள் வேலைக்குத் திரும்பியதிலிருந்து, அவள் காதுபட யாரும் பிள்ளைகளின் பேச்சையே எடுப்பதில்லை. அப்படியானால் குட்டன் செத்துப்போகிறான். அதைத்தான் இந்த மனுஷன் தாண்டிப் போயிருக்கிறார். இதுகூடத் தெரியாமல் குதித்தோமே என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“சரி ஏட்டா… எனக்குத்தான் புரியல. மேல படிங்க.”

அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று மற்றவர்கள் வாய் பிளந்தார்கள். குஞ்ஞம்பு நிம்மதியாக மூச்சு விட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

“திருப்பாதீங்க ஏட்டா.”

கௌசு கத்தரியைக் கீழே வைத்திருந்தாள். “வாசகசாலையில எடுத்து நான் முன்னாடியே படிச்சிட்டேன். அந்த இடம் எப்ப வரும் வரும்னுதான் தினமும் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்.”

“உன் மனசு நோகக் கூடாதுன்னுதாம்மா…” குஞ்ஞம்பு மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

“என் பிள்ளையைப் பத்தித்தான் ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க. குட்டனைப் பத்தியாவது பேசுங்களேன்!”