உறுமல் ரசிகர்

“வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க. நான் உள்ளே போய்ப் படுத்துக்கிறேன்” என்றார் அந்த மனிதர்.

பழைய கார்கள் விற்கும் அந்த இடத்தின் விற்பனையாளனை எல்லோரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் மூடுவதில்லை. அவனுக்கே இது புதுசு. டயரை உதைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு, கதவை நாலு தடவை சாத்திப் பார்க்கிறவர்கள் உண்டு. படுத்துக்கொண்டு கார் சத்தம் கேட்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறான்.

அவர் ஆபீஸ் அறைக்குள் போய் ஜன்னலைச் சாத்தினார். சோபாவில் காலை நீட்டிப் படுத்துக் கண்களை மூடிக்கொண்டார். தோளில் தூங்கும் கைக்குழந்தையோடு வாசலில் நின்ற அவர் மனைவி, ஆரம்பிக்கலாம் என்று ரேடியோவுக்குச் சைகை காட்டினாள்.

வெளியே இரண்டு கார்கள் அக்கா தங்கை மாதிரி நின்றன. ஒரே கம்பெனி, ஒரே பெயர். சின்ன உடம்புக்குள் பெரிய இன்ஜினைத் திணித்து வைத்த, தொட்டால் பாய்கிற ஹாட்ச்பேக் ரகம். தங்கை சாம்பல் நிறம்; போன வருடத்து வண்டி, கியர் தானாக மாறும், மீதியெல்லாம் திரையைத் தொட்டால் நடக்கும். அக்கா சிவப்பு. ரேடியோ பள்ளிக்கூடம் போன காலத்தில் பிறந்தவள். கியரைக் கையால்தான் போட வேண்டும். கிளட்சை மிதித்தால் முழங்கால் முனகும்.

ரேடியோவின் உயிர் அந்தச் சிவப்பில்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டை அதற்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுவான். கண்ணாடிக்கு முன்னால் இருப்பது வெறும் மதில் சுவர். அவனுக்கு மட்டும் அங்கே ஒரு மலைப்பாதை வளைந்து வளைந்து மேகத்துக்குள் போகும். ஆனால் வாங்கத்தான் ஆளில்லை. காலையில் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். நாளை மதியம் பழைய இரும்புக் கடைக்காரர் வருகிறார்; அதற்குள் யாராவது கேட்டால் இரும்பு விலைக்கே கொடுத்துவிடு, இல்லாவிட்டால் உடைக்கக் கொடுத்துவிடுவேன் என்று.

ரேடியோ சாவியைத் திருப்பினான். அக்கா ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டு, அடிவயிற்றிலிருந்து உறுமினாள். ஆபீஸ் ஜன்னல் கடகடவென்று ஆடியது. குழந்தை தூக்கிவாரிப்போட்டு எழுந்து வீறிட்டது. சோபாவிலிருந்தவர் அமுக்கி விட்ட ஸ்பிரிங் மாதிரி எழுந்து உட்கார்ந்தார்.

வெளியே வந்தவருடைய கண்கள் சிவந்திருந்தன. ரேடியோவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த வண்டியை முதன்முதலில் பார்த்த அன்று அவனும் இப்படித்தான் தூக்கத்தைத் தொலைத்தான்.

அவர் கேட்ட கேள்விகளும் ஒரு ரசிகர் கேட்கிற மாதிரியே இருந்தன. குளிர்ந்து கிடக்கும் வண்டியை விடியற்காலையில் கிளப்பினால் சத்தம் கூடுமா என்றார். கூடும், தெருவே எழுந்து உட்காரும் என்றான் ரேடியோ பெருமையாக. சைலன்ஸரை மாற்றி இதைக் குறைக்க வழியுண்டா என்று கேட்டபோதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

“புலியை வாங்கிட்டு யாராவது வாய்ப்பூட்டு போடுவாங்களா சார்?”

அந்த அம்மா பெருமூச்சு விட்டாள்.

அடுத்து சாம்பல் வண்டி. அவர் மறுபடியும் உள்ளே போய்ப் படுத்தார். ரேடியோ பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தான். குழந்தை மறுபடி தூங்கத் தொடங்கியிருந்தது, இமைகூட அசையவில்லை. உள்ளேயிருந்து, “இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா?” என்று குரல் வந்தது.

இந்த வண்டியின் உறுமலெல்லாம் உள்ளே ஸ்பீக்கர் வழியாக வருகிற பொய்ச் சத்தம் என்று ரேடியோ இளக்காரமாக விளக்கினான். ஓட்டுகிறவர் காதுக்கு மட்டும்தான் அது கேட்கும், பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடக் கேட்காது என்றான். கணவனும் மனைவியும் பரீட்சையில் பாஸான பிள்ளைகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பார்வையைக் கண்டதும் ரேடியோவுக்குப் புரிந்துவிட்டது. இவர்களுக்குத் தங்கையைத்தான் பிடித்திருக்கிறது. நாளை இந்நேரம் அக்கா தகரமாகியிருப்பாள்.

இருவரும் தள்ளிப் போய்க் குசுகுசுத்தார்கள். “என்னங்க, இதை விட்டா நமக்கு வேற வழியில்ல” என்று அவள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

அவர் திரும்பி வந்தார். “சிவப்பை எடுத்துக்கிறோம். இன்னைக்கே.”

ரேடியோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே ஓடி முதலாளியிடம் சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் சாவியை அவர் கையில் வைத்தான். வீடு வரைக்கும் நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள், அந்தச் சுகமே தனி என்றான். அவர் சூடான பாத்திரத்தைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

“எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா.”

“அப்ப மேடம்?”

“அவளுக்கும் தெரியாது. என் தம்பியோட குடோன் பக்கத்துலதான் இருக்கு. ஸ்டார்ட் பண்ணாம, கயிறு கட்டி இழுத்துட்டுப் போய் அங்க விட முடியுமா?”

ரேடியோ சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப யாருக்கு சார் இந்த வண்டி?”

“யாருக்கும் இல்ல தம்பி” என்றாள் அவள், குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே. “எங்க மாடி வீட்டுப் பையன் இந்த ரெண்டுல ஒண்ணை எடுக்க நாளைக்குக் காலையில வரான், அவன் வரும்போது இங்க சாம்பல் கலர் மட்டும்தான் நிக்கணும்.”