கொம்பு எந்தப் பக்கம்?

“இதுக்கு ஒரு ஸ்டாரே அதிகம்!” என்று முணுமுணுத்தபடி கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார் புரூஃப் அக்கா.

பாடப்புத்தகம் அச்சடிக்கும் அந்த அலுவலகத்தில், எல்லாக் கம்ப்யூட்டரிலும் பழைய பிரவுசரை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அதன் புரோகிராமுக்குள் யார் வேண்டுமானாலும் புகுந்து திருத்தலாமாம். உலகம் முழுக்க எத்தனையோ பேர் சம்பளம் வாங்காமல் சேர்ந்து செய்கிறார்களாம். உபயோகித்தவர்கள் ஸ்டார் போட்டுக் கருத்துச் சொல்ல அதற்கென்று ஒரு பக்கமும் உண்டு.

“எனக்குப் பிடிச்சிருக்குக்கா. விளம்பரத் தொல்லையே இல்ல” என்றாள் பக்கத்து மேஜை லேஅவுட் பெண்.

“பழசு என் பாஸ்வேர்டையெல்லாம் ஞாபகம் வச்சிருந்துச்சு. இப்ப அந்த வேலையும் என் தலையில” என்று அலுத்துக்கொண்டார் எதிர் மேஜை அச்சுப் பிரிவுக்காரர்.

அக்காவின் பாடு வேறு. சர்க்கரை வியாதியால் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. எழுத்தை நாலு மடங்கு பெரிதாக்கினால்தான் பிழை திருத்த முடியும். புது பிரவுசரில் பாடத்தைத் திறந்து அப்படிப் பெரிதாக்கினால் ‘கொ’வும் ‘போ’வும் குலைந்துபோயின. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இரண்டு பிழை தப்பிவிட்டது.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, வேற ஆளைத்தான் பார்க்கணும்” என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

கண் விஷயம் லேஅவுட் பெண்ணைத் தவிர யாருக்கும் தெரியாது.

‘பெரிதாக்கினால் தமிழ் எழுத்து குலைகிறது. சும்மா கொடுத்தால் எப்படியும் கொடுக்கலாமா?’ என்று எழுதி, திரையைப் படம் பிடித்துச் சேர்த்து, ஒரே ஒரு ஸ்டார் போட்டு அனுப்பினார் அக்கா.

மறுநாள் காலையில் ‘எறும்பு’ என்ற பெயரில் பதில் வந்திருந்தது.

‘வணக்கம். எழுத்து எப்படிக் குலைகிறது என்று வார்த்தையில் சொல்ல முடியுமா?’

“அதான் படம் அனுப்பியிருக்கேனே!” என்று பொரிந்த அக்கா, அதையே எழுதியும் அனுப்பினார்.

‘வார்த்தையில் சொன்னால் உதவியாக இருக்கும்.’

“இது ஆளே இல்லக்கா, மெஷின். யார் என்ன கேட்டாலும் இதையேதான் அனுப்பும்” என்றாள் லேஅவுட் பெண்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். ‘‘கொ’வில் வரும் கொம்பு முந்தின எழுத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. கால் தனியாகப் பிரிந்து அடுத்த வரிக்கு ஓடுகிறது.’

பத்தே நிமிஷத்தில் கேள்வி வந்தது.

‘கொம்பு, ‘க’வுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?’

“கேட்டியாடி கேள்வியை! ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லுமே இதை!”

“தமிழே தெரியாத ஆள்கிட்ட தமிழ் எழுத்தைச் சரிபண்ணச் சொல்லியிருக்காங்க. விளங்கின மாதிரிதான்!” என்றாள் லேஅவுட் பெண்.

“ஆனா, இந்த ஆள் எழுதறதுல ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லையே...” என்று அக்கா நெற்றியைச் சுருக்கினார். முப்பது வருஷம் பிழை தேடிய கண்.

நாலு நாள் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. கால், எழுத்தை ஒட்டி நிற்குமா, தள்ளி நிற்குமா? கொம்பு எத்தனை உயரம்? ‘கோ’வின் கொம்பும் ‘கொ’வின் கொம்பும் ஒன்றா, வேறா?

அக்காவும் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். ‘உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?’ என்றுகூட ஒருமுறை கேட்டுவிட்டார்.

‘மன்னிக்கவும். இன்னும் ஒரே ஒரு கேள்வி’ என்று வந்தது பதில்.

ஐந்தாம் நாள், பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அக்கா வேண்டாவெறுப்பாக ஒரு பாடத்தைத் திறந்து எழுத்தை நாலு மடங்காக்கினார். நம்பாமல் ஆறு மடங்காக்கினார்.

கொக்கு. கோழி. தோப்பு. பௌர்ணமி.

ஒரு கொம்பு ஏறவில்லை. ஒரு கால் பிரியவில்லை. கல்லில் வெட்டியதுபோல் நின்றன எழுத்துகள்.

“இங்க வாயேன்... இதை வந்து பாரேன்!”

ஓடிவந்த லேஅவுட் பெண் வாயைப் பிளந்தாள். “யம்மாடி! இத்தனையும் உங்க ஒருத்தருக்காகவாக்கா? எங்கேயோ இருக்கற, முகம் தெரியாத ஆள்...”

அக்கா பாடத்தின் கடைசி வரி வரை நகர்த்திப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்டாரை அழித்து ஐந்தாக்கினார். பிறகு எழுதினார்.

‘என் வேலையையே காப்பாற்றிக் கொடுத்துவிட்டீர்கள். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள். ஒன்று மட்டும் புரியவில்லை. படம் அனுப்பியும் ஏன் அத்தனை கேள்வி? உங்களுக்குத் தமிழ் தெரியாதா?’

மத்தியானம் பதில் வந்தது. இருவரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு படித்தார்கள்.

‘தமிழ்தான் எனக்குத் தாய்மொழி, அம்மா. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். லீவு போட்டுவிட்டுத்தான் நாலு நாள் இதில் உட்கார்ந்தேன். உங்கள் புகாரை எடுத்துக்கொள்ள வேறு யாரும் வரவில்லை. எழுத்தின் அகலமும் உயரமும் எனக்கு எண்களாகத்தான் கிடைக்கும். எது எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் உங்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பிறவியிலேயே எனக்குப் பார்வை கிடையாது. பிரெய்ல் புள்ளி எழுத்தை விரலால் தடவித் தமிழ் படித்தவன். நீங்கள் எழுதுவதைக் கம்ப்யூட்டர் எனக்கு வாசித்துச் சொல்லிவிடும்; படத்தை அதனால் வாசிக்க முடியாது. ‘கொ’ பார்க்க எப்படி இருக்கும் என்று இந்த நாற்பது வருஷத்தில் எனக்கு முதன்முதலாகச் சொன்னவர் நீங்கள்தான். நன்றி.’