முதல் டம்ளர்

எச்சில் வரவில்லை.

துப்பிப் பார்த்தாள். நுரைபோல உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது. புறங்கையால் துடைத்தாள். கையிலிருந்த உப்பு உதட்டு வெடிப்பில் எரிந்தது.

கத்திரி வெயில். பைபாஸில் தார் இளகி, ஷூவைப் பிடித்துப் பிடித்து விட்டது. ஒவ்வோர் அடிக்கும் பிசினைப் பிய்க்கிற சத்தம்.

நீண்ட ஓட்டம் என்றால் கோச் டிவிஎஸ்ஸில் தண்ணீரோடு பின்னால் வருவார். இன்று வரவில்லை. சுங்கச்சாவடிப் பக்கம் புதிதாக ஒரு தண்ணீர்ப்பந்தல் திறக்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் இருந்தார்.

"பாட்டில் எதுக்கு? வழியில நம்ம பந்தல் இருக்குல்ல" என்று காலையில் சொன்னார்.

நம்ம பந்தல்.

போன வாரம் திறந்தது. ஒன்றியச் செயலாளரின் உபயம். அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒன்றியம் என்றுதான். பத்தாயிரம் மீட்டரில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளை என்று அவளைக் கூட்டிப்போய் நிறுத்தி, தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். வரிசையில் முதலில் நின்றவர் டம்ளரை வாயருகே கொண்டுபோனார்.

"பெருசு, குடிச்சிராத. இன்னொருக்கா எடுத்துக்கறேன்" என்றார் போட்டோக்காரர்.

பெரியவரிடமிருந்து டம்ளரை வாங்கி, பானையிலேயே ஊற்றி, மறுபடி மொண்டு கொடுத்தாள். பிறகு இன்னொரு முறை. பெரியவர் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தார்.

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கச் சொல்லியிருந்தார்கள்.

காலில் இருப்பது ஒன்றியம் வாங்கிக் கொடுத்த ஷூ. பெங்களூர் பயிற்சி முகாமுக்கும் அவர்தான் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாரும் சொல்லவில்லை. இன்றைய ஓட்டம் முடிகிற இடம் புதுப் பந்தல். அவள் ஓடி வந்து முதல் டம்ளரைக் குடிக்க வேண்டும். அதுதான் இந்த முறை படம்.

பழைய பந்தல் தெரிந்தது. கீற்றும் கட்சிக்கொடித் தோரணமும்.

கால்கள் தாமாக வேகம் பிடித்தன.

நாற்றம்தான் முதலில் எதிரே வந்தது.

திறப்பு விழாவில் வெட்டிய தர்பூசணியின் தோல்கள் அங்கேயே கிடந்து கறுத்துக் கூழாகியிருந்தன. கால் வைத்ததும் ஈக்கள் எழுந்து முகத்தில் மோதின. பிறகு அந்தக் கூழிலேயே போய் உட்கார்ந்தன. பானைக் கழுத்தில் மாலை சருகாகத் தொங்கியது. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல் டம்ளரைச் சங்கிலி போட்டுப் பானையோடு பிணைத்திருந்தார்கள்.

டம்ளர் பத்திரமாக இருந்தது.

மூடியைத் திறந்தாள்.

அடியில் கொஞ்சம் கிடந்தது. திறப்பு விழா அன்று ஊற்றியது. பச்சையாகிவிட்டது. பாக்குப் பொட்டலம் ஒன்று, ஊறிப்போன பீடித்துண்டுகள். ஓரத்தில் ஒரு பல்லி, வயிறு உப்பி, வெளுத்து, மல்லாந்து. சுற்றிலும் கொசுப்புழுக்கள் துள்ளின.

அப்போதும் அவளுடைய கை டம்ளரைப் பிடித்திருந்தது.

அதைக் கண்டபோதுதான் குமட்டியது. குனிந்தாள். வெளியே வர உள்ளே ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது, பந்தலின் மறுபக்க நிழலில் ஆட்டுக்காரர் ஒருவர் குந்தியிருந்தார். ஆடுகள் அவரைச் சுற்றி இளைத்துக்கொண்டு நின்றன. அவர் அவளைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தார். அதில் ஒன்றியத்தின் பெரிய முகம். பக்கத்தில், டம்ளரை நீட்டிச் சிரிக்கிற சின்ன முகம்.

"நீதானா தாயி அது?"

நாக்கு புரளவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

"தண்ணி இருக்கும்னுதான் ஆட்ட இந்தப் பக்கம் பத்திட்டு வந்தேன். அவரு மூஞ்சிய எவன் நம்புனான். உன் மூஞ்சிய நம்புனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தன் பாட்டிலை நீட்டினார். இரண்டு வாய் இருக்கும்.

"சுடும். பரவால்ல, குடி."

குடித்தாள். சுட்டது.

ஆடுகள் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தன.

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து புதுப் பந்தலின் ஒலிபெருக்கி கேட்டது. அவள் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதோ வந்துகொண்டிருக்கிறார், இதோ.

ஷூவைப் பார்த்தாள். தார் அப்பியிருந்தது.

பானையை மூடினாள். தூக்கி இடுப்பில் வைத்தாள். சங்கிலியோடு டம்ளரும் வந்தது.

"அத எங்க தாயி கொண்டு போற?"

"தெறப்பு விழாவுக்கு."

ஓடவில்லை. நடந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது.

புதுப் பந்தலில் தர்பூசணி சிவப்பாக இருந்தது. சந்தனம் தடவிய புதுப்பானை. அவளைக் கண்டதும் கூட்டம் கைதட்டியது.

"பானையோட வருதுண்ணே. படத்துக்கு எடுப்பா இருக்கும்" என்றார் போட்டோக்காரர்.

"யாரு யோசனை? நம்ம கோச்சா?" ஒன்றியம் கோச்சின் முதுகில் தட்டினார்.

கோச் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பானைக் கழுத்தில் தொங்கிய சருகைப் பார்த்தார். ஓர் அடி பின்வாங்கினார்.

அவள் பானையை மேசைமேல் வைத்தாள்.

ஒன்றியம் துண்டைச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்த்தபடியே அவள் பக்கம் கையை நீட்டினார்.

"பிள்ள இம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வந்திருக்கு. அப்ப மொத டம்ளர் எனக்குத்தான்."

"சும்மா வாய்கிட்ட வைக்காதீங்கண்ணே" என்றார் போட்டோக்காரர். "நெசமாவே குடிங்க. அப்பத்தான் நல்லா வரும்."

மூடியின் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அங்கிருந்தே கூட வந்திருக்க வேண்டும்.

அதை விரட்டாமல், சிரித்துக்கொண்டே, டம்ளரைக் கையில் எடுத்தாள்.