வாசலுக்குத் தெரிந்த நடை

போர் முடிந்து ஆறு வருடமாகியும் நிவாரண மருந்தகத்தின் வாசல் யாருடைய அடையாள அட்டையையும் நம்புவதில்லை. மேலே பூட்டிய கமராவில் தெரியும் ஆளின் நடையைத்தான் நம்பும். மிதிவெடியில் இடது காலை இழந்த நாகபூசணியின் நொண்டி நடையும் அதில் பதிவாகியிருந்தது. போன கிழமை வேறொரு நிறுவனம் அவளுடைய பழைய பொய்க்காலை வாங்கிக்கொண்டு, நல்லதொன்றைப் பொருத்திவிட்டது. இன்று நேராக நடந்து வந்தவளுக்கு வாசல் திறக்கவில்லை.

"தம்பி, மகளின்ர வலிப்பு மருந்து விடிய முடிஞ்சுபோச்சு. என்னைத் தெரியுந்தானே?"

"எனக்குத் தெரியும் அக்கா. அதுக்குத் தெரியேல்லையே," என்றான் காவலாளி தயாபரன். "புதுசாப் பதிய மூண்டு மாசம். பழைய மாதிரி ஒருக்கா நடந்து பாருங்கோவன்."

நொண்டிப் பார்த்தாள். திறக்கவில்லை. இன்னும் சரிந்து நொண்டினாள்.

"நடிக்கிறது அதுக்கு விளங்கும் மச்சாள்," என்று வரிசையில் ஒருத்தி சிரித்தாள்.

அது வலியால் வந்த நடை. வலி இல்லாமல் வராது. நாகபூசணி வேலியோரம் குந்தி, காலைக் கழற்றினாள். பழைய பொய்க்கால் கடித்துக்கொண்டிருந்த அதே இடத்தில் படும்படி ஒரு சரளைக்கல்லை வைத்துப் பூட்டிக்கொண்டு எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

மூன்றாம் அடியில் வாசல் திறந்தது.

மருந்து கொடுத்த பெண் ஒரு படிவத்தை எடுத்தாள். "கால் தந்த ஆக்கள் கேக்கினம். நடக்கேக்க நோகுதோ அக்கா?"

"இல்லைப் பிள்ளை. நல்ல சுகம்."

வெளியே வந்து கல்லை எடுத்தாள். இரத்தத்தைத் துடைத்து, மருந்தோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்த கிழமையும் வரவேண்டும்.